நம்பாமைக்கு ஒரு முகவரி

2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கொச்சி மாநகராட்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. ஆண்டுக்கணக்கில் குவிந்துகிடந்த நெகிழிக் குப்பையின் ஆழத்தில் நெருப்பு இறங்கிவிட்டதால் அதை முழுவதும் அணைக்க மார்ச் 13 வரை ஆனது. நகரின் மேல் புகை கவிந்தது. கீழ்வகுப்புகளுக்கு விடுமுறை விடப்பட்டது. முகக்கவசம் அணியுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே நாள்களில், மார்ச் 10 அன்று, ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் வெளியானது. மட்டாஞ்சேரியில் 1953ஆம் ஆண்டு நடந்த துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தைச் சொல்லும் படம் அது. குப்பைக் கிடங்கின் தீக்கும் எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய துப்பாக்கிச் சூட்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இரண்டும் ஒரே கேள்வியை எழுப்பின. அதிகாரத்தில் இருப்போர் சொல்வதை எளிய மனிதர் எந்த அளவுக்கு நம்பலாம்? நம்ப முடியாதபோது அதை எங்கே சென்று சொல்லலாம்?

கேள்வியின் முதற்பாதி எல்லோராலும் பேசப்படுகிறது. பிற்பாதியைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. இந்தியாவில் அந்தப் பிற்பாதிக்கு உரிய எளிய கருவி வானொலி. அக்கருவியின் வாயைத்தான் சட்டம் கட்டிவைத்திருக்கிறது.

மட்டாஞ்சேரிக்கு நம்பாமை புதிதன்று. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் அன்றாட வேலை ‘சாப்பா’ என்னும் உலோக வில்லையின் வழியே கிடைத்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். தொழிலாளர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அவற்றைப் பொறுக்குவர். வில்லை அகப்பட்டவருக்கு அன்றைக்குக் கூலி உண்டு. மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். இம்முறைக்கு எதிராக எழுந்த போராட்டத்தின்மேல் 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, செய்தலவி, ஆண்டனி என்னும் தொழிலாளரின் பெயர்கள் அப்பகுதியில் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. காவல்துறையும் ஒப்பந்தக்காரரும் ஒரே பக்கத்தில் நின்றதைக் கண்ட ஊர் அது. அத்தகைய ஊரில் அரசு அறிக்கையை ஒருவர் சற்றே ஐயத்தோடு படித்தால், அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பட்டறிவிலிருந்து வரும் எச்சரிக்கை அது.

அந்த எச்சரிக்கை அங்கே எப்போதும் அன்றாடப் பேச்சோடு கலந்தே வருகிறது. பஜார் சாலையின் கிடங்குகள், யூதத் தெரு, சேர்லாயின் கொங்கணிக் குடியிருப்புகள், வெளியில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் தோபிகானா என்று சில கிலோமீட்டர்ப் பரப்புக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, தக்கனி உருது, தமிழ் ஆகிய மொழிகள் நெருங்கி வாழ்கின்றன. இவ்விடங்களில் நடக்கும் உரையாடலில் மீன் விலையும் மாநகராட்சி உறுப்பினரின் வாக்குறுதியும் தனித்தனித் தலைப்புகளாக இருப்பதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்பவர், அது ஏன் வரவில்லை என்பதையும் அதே மூச்சில் கேட்பார். திருமண வீட்டுச் செய்தி சொல்பவர், அரசு மருத்துவமனையில் மருந்து இல்லாததையும் சேர்த்துச் சொல்வார். வாழ்க்கை வேறு, அரசியல் வேறு என்னும் பிரிவு செய்தி அறைகளில் உருவானது. தேநீர்க் கடையில் அப்பிரிவு கிடையாது.

இந்தப் பேச்சைக் கலைக்காமல் அப்படியே ஏந்திச் செல்லக்கூடிய ஊடகம் வானொலி. அதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை; கை வேலையை நிறுத்த வேண்டியதில்லை. துணி தேய்ப்பவரும் மீன் வலை பின்னுபவரும் கேட்கலாம். இந்தியாவில் சமூக வானொலிக்கு வழி திறந்த வரலாறும் மதிப்புக்குரியது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், ஒலி அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அவற்றைப் பொதுநலன் கருதி முறைப்படுத்தத் தன்னாட்சியுள்ள பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் கொள்கை வந்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட சமூக வானொலி நிலையங்கள் உள்ளன.

ஆனால் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டன. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று அவை கூறின. அதே ஆவணம் செய்தியையும் நடப்பு நிகழ்வுகளையும் அரசியல் தன்மை கொண்ட நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பக் கூடாது என்றது. பின்னாளில் வந்த தளர்வும், அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றமின்றி அப்படியே ஒலிபரப்பலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. தனியார் பண்பலைகளுக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கை இந்த மனப்போக்கை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அறிவிப்புகளைச் செய்தி அல்லாதவை என்று அது ஏற்கிறது. இயற்கைப் பேரிடர் பற்றியும் பேசலாம். ஆனால் உள்ளாட்சி நிருவாகம் தரும் தகவலையே சொல்ல வேண்டும்.

இதன் பொருளை மட்டாஞ்சேரியின் படகுத்துறையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அத்துறையில் சேறு நிறைந்து, படகுப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நின்றுகிடந்தது. இன்று படகு இல்லை என்று ஒரு சமூக வானொலி சொன்னால் அது பொது அறிவிப்பு. ஏன் இல்லை என்று கேட்டால் நடப்பு நிகழ்வு. இதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் அரசியல். படகுக்காகக் காத்திருப்பவரின் மனத்தில் இம்மூன்றும் ஒரே கேள்வி. சட்டம் அக்கேள்வியின் முதல் வரியை மட்டும் அனுமதித்து, மற்ற இரண்டையும் தடுக்கிறது.

அச்சில் வரும் சிற்றிதழுக்கு இத்தடை இல்லை. கேரளத்தின் கேபிள் தொலைக்காட்சிகள் உள்ளூர்ச் செய்தியை நாள்தோறும் படிக்கின்றன. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் யூடியூபில் செய்தி அலைவரிசை தொடங்கலாம். கேட்பவருக்கு மிகக் குறைந்த செலவு வைக்கும் ஊடகத்துக்கு மட்டும் இந்தத் தடை. ‘காமன் காஸ்’ என்னும் அமைப்பு இதை எதிர்த்து 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. தவறான செய்தி பரவும், அமைதி கெடும் என்பதே தடைக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படும் வாதம்.

அந்த வாதத்தைக் கேரளத்தின் அண்மைக்கால அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் அங்கே தொடங்கியது. தடுப்பூசியின் நோக்கத்தையே சந்தேகிக்கும் செய்திகள் வாட்ஸ்அப்பில் கைமாறின. மலப்புரம் மாவட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் பின்தங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே மாவட்டம் தொண்டை அடைப்பான் நோய்ப் பரவலைக் கண்டிருந்தது. அந்த வதந்திகளை எந்தச் சமூக வானொலியும் பரப்பவில்லை. பெயரும் ஊரும் அற்று, ஒருவர் அனுப்ப மற்றவர் கடத்திய செய்திகள் அவை. யார் முதலில் சொன்னது என்று எவருக்கும் தெரியாது. எனவே யாரிடம் சென்று மறுப்பது என்றும் தெரியாது.

2021 மே மாதம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கிளப்ஹவுஸ் செயலி வந்தபோது மலையாளிகள் அதில் பெருந்திரளாகக் குழுமினர். பொதுமுடக்கத்தில் தேநீர்க் கடை இழந்தவர்கள் அங்கே அதைத் தேடிக்கொண்டனர். அன்றாட வாழ்வும் ஐயமும் கலந்த பேச்சு வானொலிக்கு மக்களிடம் எவ்வளவு தாகம் இருக்கிறது என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின. ஆனால் அந்த அறைகளின் பேச்சுக்குத் தொடக்கத்தில் பதிவும் கிடையாது, மறுநாள் கிடையாது. நேற்று சொன்ன பொய்யை இன்று யாரும் எடுத்துக்காட்ட இயலாது.

ஆக, நம்பாமையைத் தடுப்பதற்காகச் சட்டம் விதித்த தடை நம்பாமையைத் தடுக்கவில்லை. முகவரியுள்ள குரலிலிருந்து முகவரியற்ற குரலுக்கு அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. உரிமம் பெற்ற சமூக வானொலி கடந்த மூன்று மாத ஒலிபரப்பைப் பதிவாக வைத்திருக்கக் கடமைப்பட்டது. அதன் கோபுரம் எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். நூறு வாட் ஆற்றல் கொண்ட அதன் குரல் சில கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. பேசியவரைக் கேட்பவர் மறுநாள் சந்தையில் சந்திக்க நேரும். பொறுப்புள்ள ஐயத்துக்கு இதைவிட ஏற்ற இடம் எளிதில் கிடைக்காது. அந்த இடத்தைத்தான் அரசு மூடிவைத்திருக்கிறது.

ஐயத்தைப் பொறுப்போடு ஒலிக்கச் செய்யலாம் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பிபிசியில் பணியாற்றிய சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் சத்தீஸ்கரில் ‘சிஜிநெட் ஸ்வரா’ என்னும் தொலைபேசிவழிக் குரல் தளத்தைத் தொடங்கினார். பழங்குடி மக்கள் ஒரு எண்ணுக்கு அழைத்துத் தம் மொழியில் பேசிப் பதிவு செய்வர். ஒருவர் கோண்டி மொழியில் பாட்டுப் பாடுவார். அடுத்தவர் வேலை உறுதித் திட்டக் கூலி வராததைச் சொல்வார். இன்னொருவர் ஊர்க் கைப்பம்பு பழுதானதைச் சொல்வார். பதிவுகளைச் சரிபார்த்த பின்னரே பொறுப்பாளர்கள் வெளியிடுவர். முறையீட்டோடு உரிய அதிகாரியின் தொலைபேசி எண்ணும் சொல்லப்படும். கேட்போர் அவரை அழைத்து வினவுவர். பம்பு சீராகும்போது, அதைச் சொல்லும் பதிவும் வரும். பாட்டும் முறையீடும் ஒரே வரிசையில் வந்ததை இடையூறு என்று கருதுவது பிழை. பாட்டைக் கேட்க வந்தவர் முறையீட்டையும் கேட்டார். முறையீட்டைச் சொன்னவர் முகமற்ற புகார்க்காரராக இல்லாமல், பாடத் தெரிந்த ஓர் அயலாராக அறியப்பட்டார்.

இந்த இயல்பே கடலோரத்தில் உயிர்காப்பதாக மாறக்கூடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்பகுதிகளைத் தாக்கியபோது, அது புயலாக வலுத்துவிட்டது என்ற அறிவிப்பு நவம்பர் 30 நண்பகலில்தான் வெளிவந்தது. அதற்குள் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை எப்போது, யாருக்கு, எப்படித் தரப்பட்டது என்பதில் மாநில அரசும் வானிலைத் துறையும் ஒன்றையொன்று மறுத்தன. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே உள்ள செல்லானத்திலும் அப்போது கடல் ஊருக்குள் புகுந்தது. அதன் பின் கடலோர மக்களிடம் முன்னறிவிப்புகள் குறித்து இருவகை ஆபத்து தோன்றக் காரணம் இருந்தது. ஒன்று, எதையும் நம்பாமல் கடலுக்குச் செல்வது; மற்றொன்று, எல்லாவற்றையும் அஞ்சி வேலை இழப்பது. நேற்றைய முன்னறிவிப்பு கடலில் சரியாக இருந்ததா என்று மீனவரே வந்து சொல்லும் ஒலிபரப்பு இருந்தால் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிறக்கும். பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’யும், திருவனந்தபுரம் கடற்கரைக்கு வானிலைத் தகவல் கொண்டுசேர்த்த ‘ரேடியோ மான்சூன்’ முயற்சியும் இத்திசையில் வைக்கப்பட்ட அடிகள். வானிலை அறிவிப்பை ஐயுறுவதும் அதைச் சோதிப்பதும் அங்கே ஒரே செயல். சோதித்துப் பார்த்த பிறகு வரும் நம்பிக்கைதான் நிலைக்கும்.

இதற்கு எதிரான வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அன்றாடப் பேச்சோடு ஐயத்தைக் கலக்கும் வானொலி எவ்வளவு கொடிதாக மாறக்கூடும் என்பதை ருவாண்டா காட்டியது. 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்டிஎல்எம் என்னும் வானொலி நல்ல இசையும் தெருப்பேச்சும் நகைச்சுவையும் தந்து கேட்போரைக் கவர்ந்தது. 1994இல் அதே நெருக்கமான குரலில் துட்சி மக்களைக் கொல்லத் தூண்டியது. சிலரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் கூட ஒலிபரப்பியது. பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் அந்நிலையத்தை நிறுவியோரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ, சர்ச்சைக்குரிய பொருளில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி 1987இல் நீக்கப்பட்டது. அதன் பின் ஒரே தரப்பை நாள் முழுதும் பேசும் வானொலிகள் செழித்தன. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா நாடு தழுவிய ஒலிபரப்பைத் தொடங்கினார்.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் வானொலிக்கு வாய்ப்பூட்டு வேண்டும் என்று சொல்லவில்லை. ஆர்டிஎல்எம் அதிகாரத்தை ஐயுற்ற குரல் அன்று. அதிகாரத்தின் உள்வட்டத்துக்கு நெருக்கமானவர்கள் நடத்திய குரல். அதன் ஐயம் மேலே இருப்போரை நோக்கிச் செல்லவில்லை. பக்கத்து வீட்டாரை நோக்கித் திருப்பப்பட்டது. அமெரிக்காவில் குறைந்துபோனது பேசும் உரிமையன்று. மறுமொழி கேட்கும் கடமை. எனவே ஐயத்தை ஒலிபரப்பலாமா என்று கேட்பதில் பயன் குறைவு. அந்த ஐயம் யாரை நோக்கிச் செல்கிறது, அதற்கு மறுமொழி சொல்ல வழி இருக்கிறதா என்பவையே கேட்கத்தக்கவை.

இன்னொரு தடையும் உண்டு; அதை வானொலி ஆர்வலர்கள் பல நேரங்களில் பேசாமல் கடந்துவிடுகின்றனர். இந்தியாவின் சமூக வானொலிகளில் பெரும்பகுதியை நிறுவனங்களே நடத்துகின்றன. கல்லூரிகள், வேளாண் அமைப்புகள், சமய அமைப்புகளின் சமூகப் பணிப் பிரிவுகள் ஆகியவை உரிமம் பெற்றுள்ளன. வயநாட்டில் பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சி தந்து நற்பெயர் பெற்ற ‘ரேடியோ மாற்றொலி’ மறைமாவட்டம் சார்ந்த வயநாடு சமூகப் பணிச் சங்கத்தால் நடத்தப்படுகிறது. அதன் பணி மதிக்கத்தக்கது. ஆயினும் பொதுவாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. கல்லூரி வானொலியில் அக்கல்லூரியின் கட்டணத்தைப் பற்றி யார் பேசுவார்? சமய அமைப்பின் வானொலியில் அவ்வமைப்பின் நிலத்தைப் பற்றி யார் கேட்பார்? மட்டாஞ்சேரி போன்ற ஊரில் ஒரே சமூகத்தின் கையில் ஒலிவாங்கி சேர்ந்தால், மற்றச் சமூகங்களின் நம்பாமை அந்த ஒலிவாங்கியின் மேலேயே திரும்பும். நிருவாகத்தில் உள்ளூர் மக்களின் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று நெறிமுறைகள் கூறுகின்றன. அது தாளில் நில்லாமல் நடைமுறைக்கு வந்தாலன்றித் தடை நீங்குவதால் மட்டும் பயன் இராது.

ஆகவே செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, தம் ஒலி எட்டும் எல்லைக்குட்பட்ட உள்ளூர்ச் செய்தியையும் பொது விவகாரங்களையும் பேசச் சமூக வானொலிகளுக்கு உரிமை தர வேண்டும். இரண்டாவது, பதிவைப் பேணும் கடமையை அரசின் ஆய்வுக்கு மட்டுமன்றிக் கேட்போரின் ஆய்வுக்கும் உரியதாக்க வேண்டும். யார் என்ன சொன்னார் என்று எவரும் சென்று கேட்க முடிய வேண்டும். மூன்றாவது, குறைகூறப்பட்ட துறைக்கோ மனிதருக்கோ அதே நேரத்தில், அதே அளவு மறுமொழி வாய்ப்பு அளிக்க வேண்டும். அவர் மறுத்தால் அதையும் ஒலிபரப்ப வேண்டும். நான்காவது, உரிமம் பற்றிய முடிவு, விமர்சனத்துக்கு உள்ளாகும் அதிகாரிகளின் கையில் இருக்கக் கூடாது. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறிய தன்னாட்சி அமைப்பை உருவாக்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு எதிராகப் பகை வளர்க்கும் பேச்சைத் தண்டிக்க நாட்டில் ஏற்கெனவே சட்டங்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த, பேசியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். வானொலியில் அது தெரியும்.

பிரம்மபுரத்தின் புகை படர்ந்த நாள்களில் ஒரு தாய்க்கு எழுந்திருக்கக்கூடிய கேள்விகள் எளியவை. குழந்தையை வெளியே விடலாமா? கிணற்று நீரைக் குடிக்கலாமா? காற்றை அளந்தவர் யார், எங்கே அளந்தார்? நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொல்பவர் தம் குழந்தையை எங்கே வைத்திருக்கிறார்? இவற்றுள் முதலிரண்டையும் வானொலியில் கேட்டுவிடலாம். பின்னிரண்டையும் கேட்க அவர் கைப்பேசியைத்தான் திறக்க வேண்டும்; அங்கே உண்மையும் பொய்யும் பெயரின்றி ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

அந்நான்கு கேள்விகளையும் ஒரே குரலில், ஒரே நிகழ்ச்சியில், மீன் விலைக்கும் பழைய பாட்டுக்கும் நடுவே அவர் கேட்க முடிய வேண்டும். மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் மறுநாள் வந்து, அவர் மொழியிலேயே, அளவுகளோடு விடை சொல்ல வேண்டும். விடை தவறானால் அதற்கடுத்த நாள் அதைச் சொல்லவும் இடம் இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய ஏற்பாட்டைக் கண்டு அஞ்சும் நிருவாகம், மக்கள் தம்மை நம்பவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.